ஏக்கனில் கோல்ஃப்: பங்காளியா, வாடிக்கையாளரா?

"அண்ணா, இங்கே கன்ட்ரி கிளப்பில் சேர்ந்துடலாமா, இல்லை அப்பப்போ காசு கட்டி ஆடிட்டு வந்தாலே போதுமா?"

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போன மாதம் கேட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. நானும் நான்கு வருஷம் முன்னால் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். யாரைக் கேட்டாலும் "உங்க பட்ஜெட்டைப் பொறுத்தது" என்று சொல்லிக் கழன்றுகொண்டார்கள். பட்ஜெட்டைப் பொறுத்தது கொஞ்சம்தான். மற்றதை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஊர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜார்ஜியா எல்லைக்கு இந்தப் பக்கம், அகஸ்டாவிலிருந்து சுமார் 20 மைலில் இருக்கிறது ஏக்கன். மக்கள்தொகை முப்பதாயிரம் சொச்சம். சவன்னா ரிவர் சைட் அணுசக்தி வளாகமும் அகஸ்டாவின் மருத்துவமனைகளும்தான் நம்மவர்களை இந்தப் பக்கம் இழுத்து வருபவை. ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை வேறு: குதிரையும் கோல்ஃபும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் பக்கத்துப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்து மாளிகை கட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன ஹிட்ச்காக் வுட்ஸ் என்ற காடு 2,000 ஏக்கருக்கு மேல் ஊரை ஒட்டியே கிடக்கிறது. இன்றைக்கும் அதற்குள் கார் போகாது. கால்நடையாகப் போகலாம், குதிரையில் போகலாம்.

அந்தக் கூட்டம் விட்டுப்போன இன்னொன்று பால்மெட்டோ கோல்ஃப் கிளப். 1892-இல் தாமஸ் ஹிட்ச்காக் தொடங்கியது. கிளப் கட்டடத்தை வடிவமைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட். 1930-களின் தொடக்கத்தில், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் கிளப்பை வடிவமைத்த அதே அலிஸ்டர் மெக்கென்சி இங்கேயும் வந்து கோர்ஸை, அதாவது ஆடும் மைதானத்தை, திருத்தினார். அதுவரை மணலாக இருந்த கிரீன்கள் (குழியைச் சுற்றியுள்ள தளங்கள்) அப்போதுதான் புல்லுக்கு மாறின. இது முழுக்கத் தனியார் கிளப். ஏப்ரலில் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் நடக்கும் வாரம் மட்டும் வெளியாட்கள் காசு கொடுத்து ஆடலாம். ஒரு தடவை ஆடிப் பாருங்கள், பர்ஸ் இளைத்தாலும் பரவாயில்லை. மற்றபடி இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. அங்கே சேரலாமா என்று நாம் முடிவு செய்வதில்லை, அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

தம்பி கேட்டது அந்த மாதிரி கிளப்பைப் பற்றி இல்லை. தென்மாநிலங்களில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும், ஊர் முடிந்து பைன் மரம் தொடங்குகிற இடத்தில் ஒரு கன்ட்ரி கிளப் இருக்கும். ஒரு மாடிகூட இல்லாத செங்கல் கட்டடம், கோர்ஸ் 9 குழியோ 18 குழியோ, குழந்தைகளுக்கு ஒரு நீச்சல் குளம், ரெண்டு டென்னிஸ் கோர்ட், வெள்ளிக்கிழமை ராத்திரி பொரித்த கேட்ஃபிஷ். பேரைக் கேட்டுப் பளிங்குத் தூணைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இவற்றில் பல ஊர்க்காரர்கள் கூடிப் பணம் போட்டு உண்டாக்கியவை: டாக்டர், வங்கி மேலாளர், பருத்தி விவசாயி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். 1960-களில் கிராமப்புறத்தில் கோல்ஃப் மைதானம் போட, விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பே கடன் கொடுத்திருக்கிறது. அப்படிப் பிறந்த கிளப்புகளில் உறுப்பினர்தான் முதலாளி. லாபம் வந்தால் எடுத்துக்கொண்டு போக ஒருவரும் இல்லை. நஷ்டம் வந்தால் போட வேண்டியவரும் அதே உறுப்பினர்தான்.

இங்கேதான் என் வாதம் முழுவதும் நிற்கிறது. கிளப்பில் சேர்ந்தால் பங்காளி. காசு கட்டி ஆடினால் வாடிக்கையாளர். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பங்காளி என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் ஆறாவது ஃபேர்வே, அதாவது ஆறாவது குழிக்குப் போகும் புல்வெளிப் பாதை. நான் சேர்ந்த கிளப், பேர் வேண்டாம், ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கிளப். சேர்ந்த இரண்டாம் வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை 7:40-க்குத் தொடங்கி ஆறாவது குழிக்கு வந்தால், ஃபேர்வே நடுவில் குளம். கோர்ஸைப் பராமரிக்கும் சூப்பரின்டென்டென்ட் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, கையை உள்ளே விட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்துக் காட்டினார். நீர்ப்பாசனக் குழாயின் இணைப்பு, விரலால் அழுத்தினாலே ஓரம் உதிர்ந்தது. "இது என்னைவிட வயசானது, இதே மாதிரி இன்னும் எத்தனை மண்ணுக்குள்ளே இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். நாங்கள் பந்தைப் பக்கவாட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். அன்றைக்கு அது ஒரு வேடிக்கை.

அக்டோபரில் கடிதம் வந்தது. குழாய் மாற்றச் சிறப்பு வசூல், உறுப்பினர் ஒவ்வொருவரும் 900 டாலர், இரண்டு தவணை. இங்கே இதற்கு அசெஸ்மென்ட் என்று பெயர். மாதச் சந்தாவுக்கு மேல், சாப்பாட்டுக் கணக்குக்கு மேல், தனியாக. "கட்ட மாட்டேன்" என்று சொல்ல முடியாது. சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிமுறையில் இருக்கிறது, பதினோராம் பக்கம். நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் குழாயின் வயதைக் கேட்டிருக்க மாட்டேன். வீட்டில் மனைவி கேட்ட கேள்விதான் சரி: "நாம சேர்ந்தது ஆடத்தானே, குழாய் பதிக்கவா?"

யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவதுதான் கஷ்டம் என்பார்களே, கோல்ஃப் கோர்ஸ் அந்த ஜாதி. கிணறு, மோட்டார், குழாய், புல் வெட்டும் இயந்திரம், ஆட்டக்காரர்களை ஏற்றிப்போகும் கார்ட் வண்டிக்கான பாதை, கூரை எல்லாம் ஒரே காலத்தில் போட்டவை என்பதால் ஒரே காலத்தில்தான் மூப்படையும். உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தால் பாரம் மீதிப் பேர் தலையில் ஏறும். பாரம் ஏறினால் இன்னும் நாலு பேர் விலகுவார்கள். வெளியாட்களிடம் காசு வாங்கி ஆட விட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்புகளில் பல வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(7) பிரிவில் வரிவிலக்குப் பெற்றவை. அவை வெளியாட்களுக்கு வசதிகளைக் கொடுத்துச் சம்பாதிப்பது மொத்த வரவில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் விலக்கே ஆபத்தில் மாட்டும். ஆகவே கிளப் ஒன்று இழுத்துப்பிடித்துத் தனியாராகவே இருக்கும், இல்லையென்றால் வரிவிலக்கை விட்டுவிட்டுப் பாதித் தனியார், பாதிப் பொது என்று மாறும். அதுவும் முடியாவிட்டால் யாருக்காவது விற்றுவிடுவார்கள். நுழைவுத் தொகை தள்ளுபடி என்று எந்தச் சிறு கிளப்பாவது அட்டை வைத்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியவை சில உண்டு, யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கடந்த மூன்று வருஷக் கணக்கு. கடைசி அசெஸ்மென்ட் எப்போது, எதற்கு. கடன் எவ்வளவு. இப்போது எத்தனை பேர் முழுச் சந்தா கட்டுகிறார்கள், ஐந்து வருஷம் முன்னால் எத்தனை பேர். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. தென்மாநிலத்து மரியாதை காரணமாக இதையெல்லாம் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவு இனிக்கப் பேசுவார்கள். கேளுங்கள். பொருளாளர் முகம் சுளிக்காமல் கோப்பை எடுத்துக் கொடுத்தால் பாதி முடிவு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. தென்மாநிலங்களில் "தனியார்" என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1955-இல் ஹோம்ஸ் எதிர் அட்லாண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் நகராட்சி கோல்ஃப் மைதானங்களில் நிறப் பாகுபாடு கூடாது என்றது. அதன் பிறகு, சேர்ந்து ஆட விடுவதைவிட விற்பதே மேல் என்று மைதானத்தைத் தனியாரிடம் தள்ளிவிட்ட ஊர்கள் உண்டு. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டமும் உண்மையான தனியார் கிளப்புகளுக்கு விலக்குக் கொடுத்தது. 1990-இல் அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்ற விவகாரம் வெடித்த பிறகுதான் அகஸ்டா நேஷனலே தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது. பெண்கள் சேர 2012 வரை ஆனது. இன்றைய சிறு கிளப்புகளை இதை வைத்து எடை போடக் கூடாது. எங்கள் கிளப்பில் என்னை முன்மொழிந்தவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், வழிமொழிந்தவர் அவரோடு சர்ச்சுக்குப் போகிறவர், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் விருந்தினராகப் போய், சாப்பாட்டு அறையில் அரை மணி உட்கார்ந்து பாருங்கள். யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும், விளம்பரத் தாள் தேவையில்லை.

உடைக்கட்டுப்பாடு பெரிய விஷயமில்லை. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் கூடாது, அவ்வளவுதான். வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை 2014-இல் சென்னையில் ஒரு கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்காக ஒரு சட்டமே வந்த ஊர்க்காரர்கள் நாம். இது நமக்குப் புதிதில்லை.

சரி, வாடிக்கையாளராக இருந்தால் என்ன கிடைக்கும்? ஏக்கனில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். ஏக்கன் கோல்ஃப் கிளப் என்று பெயர் இருந்தாலும் அங்கே யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடலாம். 1912-இல் ஒரு ஹோட்டலுக்காகப் போட்ட கோர்ஸ். நீளம் 5,800 கஜத்துக்குள்தான், இப்போதைய கோர்ஸ்களோடு ஒப்பிட்டால் குள்ளம். குள்ளம் என்று இளக்காரமாக நினைத்துப் போனவர்கள் திரும்பி வரும்போது வேறு மாதிரி பேசுவார்கள். கிரீன் சின்னது, நிலம் மேடும் பள்ளமும், ஃபேர்வேயை விட்டு விலகினால் மணலும் பைன் ஊசியும். கார்ட் இல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஆடலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம். குழாய் உடைந்தால்? அது உரிமையாளர் பாடு. நமக்கு வருத்தம் மட்டும்தான், கடிதம் வராது.

கொஞ்சம் ஓட்டத் தயார் என்றால் அகஸ்டா நகராட்சியின் மைதானமும் இருக்கிறது. 1928-இல் திறந்தது, ஊர்க்காரர்கள் "த பேட்ச்" என்பார்கள். வெகுகாலம் காசில்லாதவர்களின் மைதானமாக, அங்கங்கே புல் இல்லாமல் இருந்தது. 2023-இல் அகஸ்டா நேஷனல் கைகொடுக்க முன்வந்தது. டாம் ஃபேசியோவும் போ வெல்லிங்கும் புதிய வடிவமைப்பைப் போட்டார்கள். பழைய முகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு லேசான ஏக்கம் உண்டு, ஆனால் அது என் சொந்தப் பிரச்சினை.

வேலி போட்ட குடியிருப்புக்குள் வீடு வாங்கினால் கோல்ஃபும் கூடவே வரும் என்று வீட்டுத் தரகர் சொல்வார். பெரும்பாலும் வராது. வீட்டுச் சங்கத்துக்கு ஒரு கட்டணம், கிளப்புக்குத் தனியாக ஒன்று. கோல்ஃபுக்காக வீடு வாங்காதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது கணக்கு. இவை நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். கிளப் சந்தா மாதம் 325 டாலர், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டிய சாப்பாட்டுத் தொகை 75. வருஷத்துக்கு 4,800. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார்ட் 20. வெளியே கார்ட்டோடு ஓர் ஆட்டம் 55. ஆக, கிளப்பில் ஓர் ஆட்டத்துக்கு மிச்சம் 35. 4,800-ஐ 35-ஆல் வகுத்தால் 137 ஆட்டம் வருகிறது. வாரம் இரண்டரைக்கு மேல். எப்படியும் வெளியே சாப்பிடுவோம் என்று சாப்பாட்டுத் தொகையைக் கழித்தாலும் 112. குழந்தைகளின் நீச்சல் குளத்துக்கு 600 டாலர் மதிப்புப் போட்டால் 95. அதன் மேல் எனக்கு வந்தது போல ஒரு 900 டாலர் கடிதம் வந்தால் அந்த வருஷம் இன்னும் 26 ஆட்டம் சேர்த்து ஆட வேண்டும். இரண்டு சின்னக் குழந்தை, முழுநேர வேலை, மழை, இடி, காய்ச்சல், ஊருக்குப் போகும் ஒரு மாதம் எல்லாம் போக வருஷத்தில் 95 ஆட்டம் ஆடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றவர்கள் ஆடுகிறார்கள். அவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை.

அப்படியானால் கணக்குப்படி முடிவு தெளிவு, வாடிக்கையாளராகவே இருந்துவிடலாம். பிறகு நான் ஏன் இன்னும் கிளப்பில் இருக்கிறேன்?

முழு ஆட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வருகிற தப்பு அது. வெளியே 9 குழிக்கோ 18 குழிக்கோதான் காசு வாங்குவார்கள். மூன்று குழிக்கு ரசீது கிடையாது. எனக்குக் கிளப் வீட்டிலிருந்து ஏழு நிமிஷம். மே மாதத்தில் இருட்ட எட்டரை மணி ஆகும். அலுவலகம் முடிந்து வந்து, சாதம் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று குழி ஆடிவிட்டுக் குக்கர் ஆறுவதற்குள் திரும்பியிருக்கிறேன். முன்பதிவு இல்லை, வரிசைப்படி ஆட அனுப்பும் ஸ்டார்ட்டர் இல்லை, பின்னால் நின்று இருமுகிறவர் இல்லை. மகள் ஒரே பந்தைப் பங்கர் என்ற மணல் பள்ளத்திலிருந்து பதினோரு தடவை அடிப்பாள், நான் மணலை வாரி விட்டுக்கொண்டு நிற்பேன். பொது மைதானத்தில் சனிக்கிழமை காலை அதைச் செய்து பாருங்கள். நாற்பது நிமிஷத் துண்டுகள்தான் கிளப்பின் சரக்கு. கிளப் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து, உங்கள் நாளில் அந்தத் துண்டுகளும் இருந்தால் சேருவதில் அர்த்தம் உண்டு. கோல்ஃப் உங்களுக்குச் சனிக்கிழமை நண்பர்களோடு நாலு மணி நேரம் என்றால், தயவுசெய்து சேர வேண்டாம். எத்தனை இனிப்பாகப் பேசினாலும்.

புல்லையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், கிளப்பின் கைச்செழிப்பு அதில் தெரியும். இந்தப் பக்கத்துப் புல் பெர்முடா, நம் அருகம்புல்லின் உறவுக்காரன். வெயிலில் கொழிக்கும், பனி விழுந்ததும் வைக்கோல் நிறமாகித் தூங்கிவிடும். முதல் டிசம்பரில் கோர்ஸே செத்துவிட்டது என்று நினைத்தேன். பணம் இருக்கிற கிளப் செப்டம்பர், அக்டோபரில் மேலே ரை புல் விதைத்துக் குளிர்காலம் முழுக்கப் பச்சையாக வைத்திருக்கும். எங்களுடையது முதல் அடி அடிக்கும் இடமான டீயில் மட்டும் விதைக்கிறது, எனக்கு அது போதும். பழுப்பு ஃபேர்வேயில் பந்து நன்றாக உருளும். பச்சைக்காக மட்டும் கூடுதல் சந்தா கட்டாதீர்கள்.

கிரீனில்தான் பங்காளிச் சண்டை. பழைய ஆட்களுக்குக் குளிர்நாட்டு பென்ட் புல்தான் ஒசத்தி. ஆகஸ்ட் வெயிலில் அதை உயிரோடு வைக்கக் கிரீன் ஓரம் மின்விசிறி, மதியத்தில் தண்ணீர், ஓயாத காவல். மாற்று, டிஃப்ஈகிள் போன்ற குட்டை ரக பெர்முடா. பேரில் இருக்கும் "டிஃப்", ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊர். அங்கே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் க்ளென் பர்ட்டன் உருவாக்கிய ரகங்கள்தான் தென்மாநில கோல்ஃபின் தரையையே மாற்றின, 1960-இன் டிஃப்வே 419 உட்பட. மாற்றினால் ஒரு கோடை முழுவதும் கிரீன்கள் மூடிக் கிடக்கும், மாற்றாவிட்டால் வருஷா வருஷம் செலவு. போன ஆண்டுக் கூட்டத்தில் இதற்காக இரண்டு பெரியவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். ஐம்பது வருஷ நண்பர்கள். மறுநாள் ஒரே கார்ட்டில் போனதைப் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு இந்தத் தலைவலியும் இல்லை, இந்தக் காட்சியும் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு கோர்ஸுக்குப் போய்விடுவார்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: முதல் வருஷம் ஏக்கன் கோல்ஃப் கிளப்பில் காசு கட்டி ஆடு. எத்தனை தடவை போனாய், எத்தனை தடவை "ஒரு அரை மணி கிடைத்தால் போயிருப்பேனே" என்று நினைத்தாய், ரெண்டையும் நாட்குறிப்பில் எழுது. ரெண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் வா, நான் முன்மொழிகிறேன். வேலை ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குள் முடிகிறதென்றால் அதுவும் வேண்டாம், பங்காளி ஆகிவிட்டுப் பாதியில் போகிறவனுக்குச் செலவு மட்டும்தான் மிச்சம்.

அவன் பொறுமையாகக் கேட்டான். அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்காமல், போன சனிக்கிழமை என் விருந்தினராக வந்தான். ஒன்பது குழி ஆடினோம். ஆறாவது ஃபேர்வேயில் புதுக் குழாய் பதித்த தடம் இன்னும் லேசான கோடாகத் தெரிகிறது, அவனுக்குக் காட்டினேன். சாப்பாட்டு அறையில் பொருளாளரைப் பார்த்ததும் நேராகப் போய், மூன்று வருஷக் கணக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டான். அவர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். திங்கள்கிழமை கிளப் மூடியிருக்கும், செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றார். வாங்கிவிட்டான். இப்போது சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் கேள்வி வேறு கேட்கிறான்: "அண்ணா, கிணற்று மோட்டார் 1988-ன்னு போட்டிருக்கு. அதை எப்போ மாத்தப் போறீங்க?"